விசிறிப் பக்கத்திலிருந்து எண்ணினால்

எதிர்வீட்டு டிரைவரிடம் எட்டு மாதமாக ஒரே ஒரு சொல்தான் இருந்தது. மூணு.

பக்கவாதம் அவருடைய வலது கையை எடுத்தது, காலை எடுத்தது, பேச்சையும் எடுத்தது. போகிற போக்கில் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. பசித்தால் மூணு. முதுகு வலித்தால் மூணு. ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு, ஈயை விரட்டு, எல்லாம் மூணுதான். பேச்சு போனவர்களில் சிலருக்கு இப்படி ஒரு சொல் மிஞ்சும், அதற்கு அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் தேடாமல் இருக்க முடியுமா? அவர் மனைவி மூன்றாவது மாத்திரையா என்று பார்த்தாள், மூன்று மணிக்குத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமா என்று பார்த்தாள். ஒருநாள் தலைக்கு மூன்று தலையணை வைத்துவிட்டாள். கழுத்து வலி தாங்காமல் மனிதர் "மூணு, மூணு" என்று கத்தினார். அவள் நாலாவதைத் தேடி ஓடினாள்.

நான் தையற்காரி. என் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னலுக்கு நேரெதிரே அவர்கள் வீட்டு முற்றம். வேடிக்கை பார்க்க அங்கே போடவில்லை, வெளிச்சத்துக்காகப் போட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் நம்பியதில்லை.

அவர் விழுந்ததையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். முந்தின ராத்திரியெல்லாம் மழை. தன் சரக்கு வண்டி மிஸ் அடிக்கிறது, நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தவர், அன்று காலை பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். "டார்ச்சை எடுத்துட்டு வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் அடுப்படியிலிருந்து "வர்றேன், வர்றேன்" என்றாள். பால் பொங்குகிற நேரம். இறக்கிவைத்து, பாத்திரத்தை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு டார்ச்சோடு அவள் வெளியே வந்தபோது அவர் முன்பம்பரில் சாய்ந்து சரிந்துகொண்டிருந்தார். வண்டி மட்டும் நொண்டிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது.

பால் இறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடம் அவளை எட்டு மாதமாகத் தின்றுகொண்டிருந்தது.

வண்டியை விற்றுவிடலாம் என்று டிரைவரின் அண்ணன் சொன்னார். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. தினமும் விடிந்ததும் வந்து தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, வேட்டி மாற்றிவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார். "நிக்கிற வண்டி துருப்புடிக்கும்மா. ஓட்டறதுக்கு இனிமே யாரு இருக்கா?" என்றார். பிள்ளை இல்லாத வீடு. அவள் விற்கவே கூடாது என்று சொல்லவில்லை, கேட்டது வேறு.

"அவர்கிட்ட கேக்காம எப்படி மாமா விக்கறது? அவர் வண்டி."

"கேட்டா என்னம்மா சொல்வான்? மூணும்பான்."

"அதைத்தான் மாமா சொல்றேன். அது வண்டியோட மூணு. அன்னைக்கு வயரைப் பிடுங்கிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு இல்ல, மூணாவது சிலிண்டர்தான் கெட்டிருக்குன்னு கண்டுபுடிச்சிட்டாரு. அதை எங்கிட்ட சொல்லத்தான் கூப்பிட்டாரு. நான் வரல. அதுதான் வாயிலயே நின்னுபோச்சு."

 அவள் விடவில்லை.

"வண்டியத் திறந்து பாக்கட்டும். மூணாவதுதான் கெட்டிருக்குன்னா அவர் உள்ள இருக்காரு, எல்லாம் தெரிஞ்சுதான் பேசறாருன்னு அர்த்தம். அப்போ அவர்கிட்ட கேட்டு, அவர் சரின்னா வித்துடலாம்."

மூன்றாவதாக இல்லாவிட்டால் என்ன என்று அண்ணன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வியா அது?

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். பத்து-பதினொன்று ஸ்பேனர் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும், கல்யாண வீட்டுக்கு வந்தாலும் இருக்கும். அதனால் அவருக்குப் 'பத்து பதினொண்ணு' என்று பேர். நாளாவட்டத்தில் பதினொன்று உதிர்ந்து வெறும் பத்து ஆனார். டிரைவரும் அவரும் இருபது வருடச் சிநேகிதர்கள். ஆனால் நண்பன் படுத்த நாளிலிருந்து பத்து அந்த அறைக்குள் காலடி வைத்ததில்லை. வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு வருவார். வாசலிலேயே கொடுத்துவிட்டு, "கடையில ஆளில்ல" என்று திரும்பிவிடுவார். கடையில் ஆள் இருந்த நாளே கிடையாது என்பது வேறு விஷயம்.

மாலை நாலு மணிக்கு வண்டியைப் பார்க்க நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. கிழிந்த சீட்டுக்கு உறை தைத்துத் தரச்சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் கேபினுக்குள் ஏறிப் பழைய ரெக்சினைப் பிரித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் உட்காருகிற இடம் மட்டும் அவர் அளவுக்குக் குழிந்திருந்தது. அதன்மேல் உட்கார எனக்கு மனம் வரவில்லை, குனிந்து நின்றே பிரித்தேன்.

பேட்டரிக்கு முந்தின நாளே அண்ணன் சார்ஜ் ஏற்றிவைத்திருந்தார். நாலைந்து தடவை இருமிவிட்டு வண்டி கிளம்பியது. ஒரு கால் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி கேபின் முழுக்க ஆடியது. நான் பிரித்த ரெக்சினோடு கீழே இறங்கி ஓரமாக நின்றேன்.

"ஈரத்துல அதிகமா அடிக்குமே, தங்கச்சி?" என்றார் பத்து.

"ஆமாண்ணே. மழைன்னா மொரண்டு புடிக்குதுன்னு சொல்வாரு."

"சரி, ஒவ்வொண்ணா புடுங்கிப் பாப்போம்."

"மூணுலேர்ந்து பாருங்கண்ணே."

"வரிசையாவே பாப்போம்மா. அது எங்க ஓடிப்போகுது?"

இந்தச் சோதனை எனக்கே தெரியும், அந்த முற்றத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேலை செய்கிற சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் இன்ஜின் முனகித் தளர்ந்துபோகும். வேலை செய்யாததைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இருக்காது. வேலைக்கே வராதவன் வேலையை விட்டு நின்றால் யாருக்குத் தெரியும்?

பத்து கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, விசிறிக்குப் பக்கத்தில் இருந்த முதல் வயரைப் பிடுங்கினார். இன்ஜின் தள்ளாடியது. திரும்பச் செருகினார். இரண்டாவதைப் பிடுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அதே நொண்டல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைச் செருகிவிட்டு மூன்றாவதைத் தொட்டார். அவள் பானெட் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வயர் வெளியே வந்ததும் வண்டி குலுங்கி, கிட்டத்தட்ட நின்றேபோயிற்று. மூன்றாவது நன்றாக உயிரோடு இருந்தது. நாலாவதும் அப்படியே.

"ரெண்டா அண்ணே?" என்று கேட்டாள். இன்ஜின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. ஆனால் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரெண்டு மாதிரிதான் இருக்கு. அவசரப்படாத, பாப்போம்."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "மூணு" என்றார் டிரைவர். அந்த வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.

பத்து வேலையைத் தொடர்ந்தார். இரண்டாவது பிளக்கைக் கழற்றினார். கருத்து, ஈரமாக, பெட்ரோல் வாடையோடு வந்தது. அதைத் துடைத்து முதலாவது சிலிண்டரில் போட்டு, முதலாவதன் பிளக்கை இரண்டில் போட்டு ஓட்டிப் பார்த்தார். கோளாறு பிளக்கில் இருந்தால் அதோடு கூடவே இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. இரண்டு இரண்டாகவே அடம்பிடித்தது. துளையைக் கட்டைவிரலால் அடைத்து இன்ஜினைச் சுற்றவைத்தார், காற்று விரலைத் தள்ளியது. உள்ளே பழுதில்லை. அவர் கேட்பதற்கு முன்பே அவள் ஸ்பேனரை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். எந்த அளவு ஸ்பேனர் என்று அவர் ஒருதடவைகூடச் சொல்லவில்லை.

"வயருதான். எங்கயோ கசியுது. ஆனா இந்த வெளிச்சத்துல பொறி கண்ணுக்குத் தெரியாது. ஒரு கனமான போர்வை இருந்தா கொண்டாம்மா."

அவள் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் இன்ஜின்மேல் குனிந்து, விசிறியில் சிக்காமல் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். வெளியே போர்வை மட்டும் தெரிந்தது, அதன் கீழே இரண்டு ஜோடிக் கால்கள். அவளுடைய செருப்பில்லாத கால்கள் ஈரத்தில் வெளுத்திருந்தன.

"தெரியுதா?"

"தெரியுதுண்ணே. நீலமா."

"தாங்கு கம்பியில ஒரசி ஒரசி வயரு தோலு விட்டுப்போச்சு. பிளக்குக்குப் போகவேண்டியது வழியிலயே குதிச்சுடுது. எவ்வளவு சின்ன வேலை பாரு. இத்தினியூண்டு வயரு."

அதற்கப்புறம் போர்வைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. வண்டிதான் நொண்டிக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பத்துவின் கண் சிவந்திருந்தது. "புகை" என்றார், யாரும் கேட்காமலே. இன்ஜினை நிறுத்தினார். கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்தவர் மாதிரி கேட்டார்.

"ஏன் தங்கச்சி, அவன் எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுவான்?"

"என்னண்ணே?"

"நான் விசிறிப் பக்கத்துலேர்ந்து எண்ணுறேன். எனக்கு இது ரெண்டு. அவன் டிரைவரு. கேபின்ல உக்காந்து பாக்கறவன். அந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணிப் பாரு."

அவள் எண்ணிப் பார்த்தாள். விரல் காற்றில் நகர்ந்தது. கேபின் பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. தோல் விட்டுப்போன வயரில் வந்து நின்றது.

நான் கையில் ரெக்சினோடு அப்படியே நின்றேன். அவள் விரலை எடுக்காமலே பத்துவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள். "அந்தப் பக்கத்துலேர்ந்துதான் எண்ணுவாரு."

"பின்ன என்ன! மூணுதானே!" பத்து ஜன்னலைப் பார்த்து உரக்கக் கத்தினார். "டேய், மூணுதாண்டா! கரெக்டாத்தாண்டா சொல்லியிருக்க!"

"மூணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எட்டு மாதமாக அழாத மனிதர். "எல்லாம் தெரிஞ்சுதான் படுத்திருக்கான், பாவி" என்று துண்டுக்குள்ளேயே சொன்னார். பத்து கையைக்கூடக் கழுவாமல், எட்டு மாதத்தில் முதல்தடவையாக, அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார். நண்பனின் கட்டிலோரம் உட்கார்ந்து வண்டியின் சங்கதியெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நண்பகலில் ஒரு தூறல் போட்டது. பத்து புது வயர் எடுத்துவரத் தன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் என் ஜன்னலருகே சைக்கிளை நிறுத்தினார். நான் சீட்டு உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"டைலரம்மா, கொஞ்சம் தண்ணி குடு."

குடித்தார். போகவில்லை.

"ஒண்ணு சொல்லணும். வெளிய விட்டுடாத. இந்த உலகத்துல எவனும் சிலிண்டரை விசிறிப் பக்கத்துலேர்ந்துதான் எண்ணுவான். அவனும் அப்படித்தான். இருபது வருஷமா எனக்குத் தெரியாதா?"

என் கால் மிஷினில் நின்றது.

"அப்போ ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"போர்வைக்குள்ள தங்கச்சி அழுதுச்சும்மா. சத்தமே இல்லாம. அந்தப் பொறி வெளிச்சத்துல பாத்தேன். என்ன செய்யச் சொல்ற? வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நல்லவேளை, நம்பிடுச்சு. நம்பிக்கிட்டே இருக்கட்டும்."

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஈரச் சட்டைப்பையில் ஸ்பேனர் கனத்துத் தொங்கியது.

மூன்று மணிக்கு வயர் மாற்றி, உரசிய கம்பியை நிமிர்த்தி, வயருக்கு ஒரு ரப்பர் துண்டைச் சுற்றிக்கட்டி முடித்தார்கள். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. நொண்டல் இல்லை, குலுக்கல் இல்லை. "உன் தையல் மிஷின் மாதிரி ஓடுது பாரு டைலரம்மா" என்றார் பத்து. அது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். சொல்லிவிட்டு மறுபடி நண்பன் அறைக்குள் போய்விட்டார். ஒருதடவை உள்ளே போய்விட்டவருக்கு இனி வெளியே இருக்கத் தெரியாது போலிருந்தது.

நானும் அவளும் சீட்டுக்கு உறை மாட்டினோம். உறை இறுக்கம். அவள் அந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க, நான் இந்தப் பக்கம் கொக்கி மாட்டினேன். குழிந்த இடத்தில் பஞ்சு வைக்கச் சொல்லியிருந்தாள். வைத்தபிறகு சீட்டு சமமாக, யாருடையதும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அவள் அதை உள்ளங்கையால் நீவினாள்.

"அவர் விசிறிப் பக்கத்துலேர்ந்துதான் எண்ணுவாருக்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பதினாலு வருஷம் டார்ச் புடிச்சவ நான். எனக்குத் தெரியாதா? 'விசிறிக்குப் பக்கத்துல நிக்கறான் பாரு, அவன்தான் மூத்தவன்'னு சொல்லிக் குடுத்தாரு. நமக்கு நாலு புள்ளைங்கடீ, நாலும் இந்தப் பொட்டிக்குள்ள இருக்குன்னு சிரிப்பாரு. மூத்தவன் இருமறான், கடைக்குட்டி எண்ணெய் குடிக்கறான்னு ஏதாவது சொல்லிட்டே இருப்பாரு. ரெண்டாவதை மூணாவதுன்னு அவர் ஏங்க்கா சொல்லப்போறாரு? பெத்தவன் மாத்தி எண்ணுவானா?"

"அப்புறம் ஏன் பத்துகிட்ட ஆமான்ன?"

"பத்து அண்ணன் முகத்தைப் பாத்தீங்களா? எட்டு மாசமா வாசலோட திரும்பிப் போன மனுஷன். செத்த வீட்டுக்கு வர மாதிரி பழத்தை வச்சுட்டுப் போவாரு. அவர் நெனச்சுக்கிட்டாரு, சிநேகிதன் உள்ள முழுசா இருக்கான்னு. உள்ள போய் உக்காந்து பேசறாரு பாருங்க. அதைக் கெடுக்கச் சொல்றீங்களா? யாராவது ஒருத்தர் இவர்கிட்ட மனுஷன்கிட்ட பேசற மாதிரி பேசட்டுமே."

"உனக்கு?" என்றேன்.

"எனக்கென்னக்கா. மூணு வெறும் மூணுதான்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. உனக்காக அவர் பொய் சொன்னார், அவருக்காக நீ பொய் சொன்னாய், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று. ஒரு நூலின் இரண்டு முனையும் என் கையில் இருந்தன. எதை இழுத்தாலும் தையல் பிரிந்துவிடும். வம்புக்காரி என்று பேர் வாங்கின நான், அன்று வாயை மூடிக்கொண்டு கடைசிக் கொக்கியை மாட்டினேன். 

நாற்றுப் பண்ணைக்காரர் சரியாக நாலு மணிக்கு வந்துவிட்டார். இன்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார், டயரை உதைத்தார், கதவை இரண்டு தரம் திறந்து மூடினார். பிடித்துப்போயிற்று என்று முகமே சொன்னது. அண்ணன், தம்பியின் மனைவியைப் பார்த்தார்.

"உள்ள போய் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா. அவனுக்குத்தான் எல்லாம் புரியுதே. அவன் சொல்லாம சாவியைத் தொட மாட்டேன்."

அவளே போட்ட நிபந்தனை அது. அவள் உள்ளே போனாள். கூட வா என்று கண்ணால் சொன்னதால் நானும் போனேன். பத்து எழுந்து வெளியே நகர்ந்து வழிவிட்டார்.

அவள் கட்டிலருகே மண்டியிட்டாள்.

"வண்டியைக் குடுத்துடட்டுமாங்க?"

அவர் ஜன்னல் கம்பியில் இருந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க பாருங்க. நம்ம வண்டி. ஒருத்தர் கேக்கறாரு. குடுக்கட்டுமா, வேணாமா? வேணாம்னா வேணாம். கண்ணை மூடித் திறந்தாக்கூடப் போதும். நான் புரிஞ்சுக்கறேன்."

மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். இடது கையால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தார். "மூணு" என்றார். கெஞ்சுகிற மாதிரி. அவள் மூச்சு நின்றதை நான் பார்த்தேன். மறுபடி "மூணு, மூணு" என்றார், உதட்டை நனைத்துக்கொண்டே.

அவள் அந்த உதட்டைப் பார்த்தாள். பிறகு எட்டி டம்ளரை எடுத்துத் தண்ணீர் புகட்டினாள். மடமடவென்று குடித்தார். குடித்து முடித்ததும் தலைப்பை விட்டுவிட்டு மறுபடி ஈயைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள் அவர் வாயோரத்தைத் துடைத்தாள். வேட்டியைச் சரிசெய்தாள். எழுந்து வாசலுக்கு வந்து, தெளிவாகச் சொன்னாள்.

"சரின்னுட்டாரு மாமா."

"அவன் நல்லவம்மா. புரிஞ்சுக்குவான்னு எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன். பத்து தலையை ஆட்டி ஆமோதித்தார், என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

சாவி கைமாறியது. கேபினில் இருந்ததையெல்லாம் அவள் எடுத்து முற்றத்தில் வைத்தாள். பழைய துண்டு, சீப்பு, பாதி தீர்ந்த தைலக் குப்பி. டேஷ்போர்டு டப்பாவிலிருந்து டார்ச்சை எடுத்தாள். ஸ்பேனர் பையைப் பண்ணைக்காரரிடமே கொடுத்தாள்.

"டார்ச் வண்டியோட சேந்ததாம்மா?" என்று அவர் கேட்டார். "மழை காலம், உபயோகப்படும்."

"இல்லைங்க. அது என்னோடது."

வண்டி முற்றத்தைவிட்டு இறங்கியது. இருபத்திரண்டு வருட வண்டி, ஒரு பிசிறில்லாமல் போயிற்று. தெருமுனையில் அது திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். முற்றத்தில் அது நின்ற இடம் மட்டும் காய்ந்திருந்தது, சுற்றிலும் ஈரம்.

உள்ளேயிருந்து "மூணு" என்றார் டிரைவர்.

"இதோ வந்துட்டேன்" என்று அவள் ஓடினாள். டார்ச்சைக் கீழே வைக்கக்கூட நிற்கவில்லை.